வாணியம்பாடி சலைன் பாட்டிலும் நம்ம ஊர் பல் கிளினிக்கும்: ஒரு சின்ன வரலாறு

மயிலத்தில் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். பத்து வருஷமாகச் சர்க்கரை. நடவு, களை எடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். இடது தாடை வீங்கியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை.

"ஏம்மா, பல் டாக்டர்கிட்ட போகலையா?" என்றேன்.

"போலாம்னுதான் தம்பி இருந்தேன். மருமவ போன்ல காட்டினா. வாணியம்பாடியில பல்லு வைத்தியம் பாத்துக்கிட்டவங்க எட்டு பேரு செத்துட்டாங்களாமே. பயமா இருக்கு. லவங்கம் வச்சே ஓட்டிக்கிட்டு இருக்கேன். புடுங்கலாமா, வாணாமா?"

அவர் சொன்ன செய்தி உண்மை. அவர் பயமும் நியாயம். ஆனால் அவர் எடுத்த முடிவு தவறு.

இது மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அதைச் சொல்லத்தான் இந்த நீளமான த்ரெட். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பல் கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

1. வாணியம்பாடியில் நடந்தது என்ன?

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, வட தமிழ்நாட்டில் சிலருக்கு வினோதமான மூளைத் தொற்று வந்தது. காய்ச்சல், தலைவலி, பேச்சு குழறல், பார்வை மங்கல், முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது. 'நியூரோ மெலியாய்டோசிஸ்' என்று கண்டறிந்தார்கள். பர்கோல்டேரியா சூடோமாலியை என்ற பாக்டீரியா மூளையைத் தாக்கும் நிலை அது.

மொத்தம் 21 பேர். அவர்களில் 10 பேர், வாணியம்பாடியில் இருந்த ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள்.

அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். மீதி 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான்.

வேலூர் சி.எம்.சி., சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து துப்புத் துலக்கின. ஆய்வு 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளிவந்தது. அதன் பிறகுதான் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது.

கிருமி எங்கே கிடைத்தது தெரியுமா? பாதி பயன்படுத்திய ஒரு சலைன் பாட்டிலில்.

அறுவை சிகிச்சையின்போது வாயைக் கழுவ சலைன் பயன்படுத்துவார்கள். அங்கே அந்தப் பாட்டிலின் மூடியை, ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் 'பெரியாஸ்டியல் எலிவேட்டர்' என்ற கருவியால் குத்தித் திறந்திருக்கிறார்கள். பிறகு சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த ஆட்களுக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

பெரிய மெஷின் எதுவும் பழுதாகவில்லை. காலாவதி மருந்து கொடுக்கவில்லை. திறந்த ஒரு பாட்டில். அவ்வளவுதான்.

2. இந்தக் கிருமிக்கும் நமக்கும் நூறு வருஷப் பழக்கம்

இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது ரங்கூனில். நம்ம ஊர்க்காரர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன அதே ரங்கூன்தான். ஆல்ஃபிரட் விட்மோர் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற அவருடைய உதவியாளரும் 1912-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பாடப் புத்தகத்தில் 'விட்மோர் நோய்' என்று ஒருவர் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கிருஷ்ணசாமியைப் பலருக்குத் தெரியாது.

அவர்கள் பார்த்த நோயாளிகளில் பலர் மார்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். சுத்தமில்லாத ஊசியைத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள்.

கவனியுங்கள். 1912 ரங்கூனில் அசுத்தமான ஊசி. 2022 வாணியம்பாடியில் அசுத்தமான சலைன். இரண்டு இடத்திலும் தோல், ஈறு என்ற நம் உடம்பின் வேலியைத் தாண்டி, மனிதக் கையே கிருமியை உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இந்தப் பாக்டீரியா மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. நெல் வயல் சேற்றில் இருக்கும். மழைக்காலத்தில் நோய் கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்காக வயலில் இறங்கியவர்களுக்கெல்லாம் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

ஆனால் இதன் பிடிவாதம் அசாத்தியமானது. ஒரு பரிசோதனையில் வெறும் காய்ச்சி வடித்த நீரில் விட்டு வைத்தார்கள். சாப்பிட ஒன்றும் இல்லை. 16 வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது! அதுக்கு சலைன் பாட்டில் எல்லாம் சொந்த வீடு மாதிரி.

3. எல்லாமே எச்சில் விவகாரம்தான்

நம்ம வீட்டில் பாட்டி சொம்பை வாயில் வைத்துக் குடிக்க விட மாட்டார். "அண்ணாந்து குடி, எச்சில் பண்ணாதே" என்பார். பல் மருத்துவப் பாதுகாப்பின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிதான். ஒருத்தர் வாய்க்குப் போனது அடுத்தவர் வாய்க்கு எப்படிப் போகாமல் தடுப்பது?

முதல் சிக்கல் கருவி. ஒரே கொறடு (ஃபோர்செப்ஸ்) நூறு பேர் வாய்க்குள் போகும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். போதாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். சில கிருமிகள் விதை மாதிரி கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு அந்தச் சூட்டையும் தாங்கும்.

இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. குக்கர்! மூடி வைத்து அழுத்தத்தைக் கூட்டினால் நீராவியின் சூடு 120 டிகிரியைத் தொடும். பாரிஸில் லூயி பாஸ்டரோடு வேலை செய்த சார்ல்ஸ் சாம்பர்லாந்து 1879-ல் இதே தத்துவத்தில் ஆட்டோகிளேவ் செய்தார். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். இன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றை அறையில் இருக்கும் பல் கிளினிக்குக்கும் இதுதான் அடிப்படை.

4. நம் நாட்டில் பல் மருத்துவம்

அந்தக் காலத்தில் நம்ம ஊரில் சந்தையிலும் தெருவோரத்திலும் பல் பிடுங்கினார்கள். கற்றுக்கொள்ளக் கல்லூரி கிடையாது.

அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். காசு? 'நியூயார்க் சோடா ஃபவுன்டன்' என்று ஒரு கடை போட்டு, அதில் வந்த வருமானத்தில் கல்லூரி நடத்தினார். இனிப்பு பானம் விற்ற காசில் பல் மருத்துவம்!

1948-ல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. அதில் ஒரு சுவாரஸ்யம். பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பட்டம் பெற்றவர்கள் 'ஏ' பகுதி. பட்டம் இல்லாமல், ஆனால் குறைந்தது ஐந்து வருஷமாக இதையே பிழைப்பாகச் செய்தவர்கள் 'பி' பகுதி. இருக்கிற ஆட்களை ஒரே நாளில் விரட்ட முடியாது, நாட்டில் டாக்டர்களே கிடையாது என்ற நிலையில் எடுத்த முடிவு அது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953-ல் தொடங்கியது.

ஆக, 'யார் பல் பார்க்கலாம்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. 'எப்படிப் பார்க்க வேண்டும்' என்ற கேள்விக்குப் பதில் வரப் பல ஆண்டுகள் ஆனது.

5. வேகமான டிரில், கூடவே வந்த தண்ணீர்

1957-ல் 'ஏரோட்டார்' வந்தது. காற்றின் வேகத்தில் நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றும் டிரில். அதற்கு முன் பல்லைக் குடைவது என்றால் நரக வேதனை. இது வந்ததும் நொடிகளில் வேலை முடிந்தது. பெரிய வரம்தான்.

ஆனால் அந்த வேகத்தில் பல் சூடாகிவிடும். குளிர்விக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அதற்கு நாற்காலிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் போட்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெல்லிய குழாய், மெதுவாக ஓடும் தண்ணீர், ராத்திரி முழுக்கத் தேக்கம். நம்ம வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் வழுவழு என்று ஒரு படலம் வருமே, அதே படலம் குழாய்க்குள்ளும் படியும். பயோஃபிலிம் என்போம். 1963-லேயே பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் பிளேக் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லீஜியனெல்லா நிமோனியாவில் இறந்தார். கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அவர் போன பல் கிளினிக்கின் தண்ணீர்க் குழாயில் இருந்தது.

2015-ல் ஜார்ஜியா, 2016-ல் கலிஃபோர்னியா. இரண்டும் அமெரிக்காவில். பால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த குழந்தைகளுக்குத் தாடை எலும்பு வரை தொற்று. கலிஃபோர்னியாவில் மட்டும் 70 பேருக்கு மேல். மறுபடியும் குழாய்த் தண்ணீர்தான். பணக்கார நாடு, பளபளக்கும் கிளினிக். கிருமிக்கு அதெல்லாம் கணக்கே இல்லை.

இதனால்தான் இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, ஒவ்வொரு நோயாளிக்கு இடையிலும் 20 முதல் 30 விநாடி குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும், அவ்வப்போது கிருமிநாசினி விட வேண்டும். இரண்டு, எலும்பு தெரிகிற அளவுக்கு அறுவை செய்தால் குழாய்த் தண்ணீரே கூடாது. கிருமி நீக்கிய சலைன்தான் வேண்டும்.

இப்போது வாணியம்பாடியை மறுபடி நினைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் ஆபத்தைத் தவிர்க்க வந்ததுதான் சலைன். அந்த சலைனையே பொதுச் சொம்பாக ஆக்கியதால் வந்த வினை அது. விதியின் எழுத்து இருந்தது. ஏன் அந்த விதி என்பது மறந்துபோனது.

6. க்ளோவ்ஸ் எப்போது வந்தது?

என் சின்ன வயசில் பல் டாக்டர் வெறுங்கையால் வாய்க்குள் விரல் விட்டது நினைவிருக்கிறது. உங்களில் பலருக்கும் இருக்கும்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1990-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பல் பிடுங்கிக்கொண்ட ஒரு இளம்பெண்ணுக்கு அவருடைய பல் மருத்துவரிடமிருந்தே எச்.ஐ.வி. வந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். கடைசியில் அந்த மருத்துவரின் நோயாளிகள் ஆறு பேர் பாதிக்கப்பட்டது தெரிந்தது. அந்தப் பெண் 1991 டிசம்பரில் 23 வயதில் இறந்தார். அது எப்படிப் பரவியது என்பது கடைசி வரை முடிவாகவில்லை. உலகம் முழுக்க பயம் மட்டும் பரவியது.

பயத்தில் இரண்டு வழி இருந்தது. முதல் வழி, சந்தேகப்பட்ட ஆளை உள்ளே விடாதே. நிறைய இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒரு பல் பிடுங்க அலைந்த கதைகள் ஏராளம்.

இரண்டாவது வழி, 'யுனிவர்சல் பிரிகாஷன்ஸ்'. யாரிடம் கிருமி இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்து. ஒவ்வொருவருக்கும் புது க்ளோவ்ஸ், புது ஊசி, ஆட்டோகிளேவ் செய்த கருவி.

எச்சில், தீட்டு என்று நம் சமூகம் ஆளைப் பார்த்து ஒதுக்கியது. மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் அதற்கு நேர் எதிர். ஆளைப் பார்க்காதே, கருவியைப் பார். பல் மருத்துவ வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இந்தப் பாடத்தை மறந்த இடங்களில் மறுபடி அடி விழுந்தது. 2013-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு பல் மருத்துவரின் நோயாளிகள் சுமார் 7,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் சி போனது மரபணுச் சோதனையில் உறுதியானது. பல் கிளினிக்கில் அப்படிப் பரவியது அந்த நாட்டில் பதிவானது அதுவே முதல் முறை.

7. நம் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே நிறைவேறியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். 21 வருஷம்! இந்தச் சட்டப்படி ஒற்றை நாற்காலி பல் கிளினிக்கும் பதிவு செய்ய வேண்டும்.

உயிரி மருத்துவக் கழிவு விதிகள் முதலில் 1998-ல் வந்தன, 2016-ல் புதுப்பிக்கப்பட்டன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். சின்ன கிளினிக் என்று விலக்கு கிடையாது.

சட்டம் தேவைதான். ஆனால் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு நாள் வரலாம். மீதி நாளெல்லாம் அந்த அறையில் இருப்பது டாக்டர், உதவியாளர், நோயாளி மூன்று பேர்தான். அதனால் நீங்களும் கண்காணிப்பில் ஒரு ஆள்.

8. நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று. "டாக்டர், கருவியை என் எதிர்ல பிரிக்கிறீங்களா?" ஆட்டோகிளேவ் செய்த கருவி சீல் வைத்த பையில் இருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் அந்தப் பையில் இருக்கும் அடையாளம் நிறம் மாறியிருக்கும்.

இரண்டு. "இந்த சலைன் பாட்டில் எப்போ திறந்தது?" பல் பிடுங்க, ஞானப்பல் அறுவைக்கு, இம்பிளான்ட்டுக்குப் போனால் கட்டாயம் கேளுங்கள். 100 மில்லி சின்ன பாட்டில் கிடைக்கிறது. ஒருவருக்கு ஒன்று திறந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். விலையும் ரொம்பக் குறைவு.

மூன்று. க்ளோவ்ஸ் புதிதா? முந்தைய ஆளைப் பார்த்த அதே க்ளோவ்ஸோடு போனை எடுத்துப் பேசிவிட்டு உங்கள் வாய்க்கு வந்தால், தயங்காமல் சொல்லுங்கள்.

நான்கு. மரப்பு ஊசி போடும் சிரிஞ்சும் நீடிலும் புதிதாகப் பிரித்ததா?

ஐந்து. டாக்டரின் பதிவு எண், கிளினிக்கின் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா?

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். ஹோட்டலில் டம்ளர் அழுக்காக இருந்தால் மாற்றச் சொல்கிறோம்தானே? ஒழுங்காக நடத்துபவர் சந்தோஷமாகக் காட்டுவார். நான் பார்த்த வரை பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஒழுங்காகவே நடத்துகிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பல் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலோடு கடுமையான தலைவலி, பேச்சு குழறல், முகம் கோணல் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "இத்தனை நாள் முன்னாடி பல் சிகிச்சை எடுத்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். மெலியாய்டோசிஸுக்கு மருந்து உண்டு. வாரக்கணக்கில் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. சீக்கிரம் சந்தேகப்படுவதுதான் உயிரைக் காப்பாற்றும்.

9. அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்?

"அம்மா, வாணியம்பாடியில நடந்தது ரொம்ப அபூர்வம். ஆனா சொத்தைப் பல்லுல சீழ் வச்சு, சர்க்கரையும் ஏறி, அது கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கிறது அபூர்வம் இல்ல. ஆஸ்பத்திரியில நாங்க அடிக்கடி பாக்குறோம். நீங்க லவங்கம் வச்சுக்கிட்டு வீட்ல இருக்கிறதுதான் பெரிய ஆபத்து."

சர்க்கரைக்கு மருந்தைச் சரிசெய்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, இந்த ஐந்து கேள்வியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துத் திண்டிவனத்துக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். வீக்கம் இல்லை.

"என்னம்மா, கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி. அந்த டாக்டர் பொண்ணு சிரிச்சுக்கிச்சு. 'உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா'ன்னு கேட்டுட்டு, என் கண்ணு எதிர்லயே புது பாட்டில திறந்துச்சு. மிச்சத்த அங்கயே ஊத்திடுச்சு."

வாணியம்பாடியில் இறந்த எட்டு பேருக்கும் இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் போனால் கூடப் போய்க் கேளுங்கள்.